தம்பி ஜெர்மனிக்குப் புறப்படும் முன் நேர்ந்த சங்கடங்கள்

வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளையைப் பற்றிப் பேச்செழுந்தால், எங்கள் கோத்தகிரிப் பக்கத்தில் எல்லோரும் முதலில் விசாரிப்பது ஆங்கிலத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண், வங்கியில் எவ்வளவு கடன் என்ற இரண்டையும்தான். இரண்டுமே பெரிய விஷயங்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த என் தம்பியை இயந்திரப் பொறியியலில் முதுநிலைப் படிப்புக்காக ஜெர்மனிக்கு அனுப்பி வைத்த காலத்தில், நாலு பேர் முன்னால் எங்களைத் தலைகுனிய வைத்தவை அவை அல்ல. எங்களைப் பற்றி வேறு யாரோ எழுதி வைத்த தாள்களும், வேறு யாரோ திருத்திக் கொடுத்த படமும், வேறு யாரோ இயற்றித் தந்த கடிதமுமே எங்களைச் சங்கடத்தில் நிறுத்தின. நான் அரசுப் பள்ளி ஆசிரியை என்பதால் வீட்டில் இந்த வேலைகளெல்லாம் என் பொறுப்பில் இருந்தன. அடுத்துப் புறப்படவிருக்கும் பிள்ளைகளின் வீட்டாருக்குப் பயன்படட்டும் என்று, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதல் சிக்கல் அப்பாவின் பெயரில் இருந்தது. எங்கள் தாத்தா இலங்கை மலையகத்தில் கொழுந்துத் தோட்டத்தில் உழைத்தவர். 1964 அக்டோபரில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய இலட்சக்கணக்கானவர்களில் ஒருவராக, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, 1968-இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டத்தில், அதாவது இன்று டான்டீ என்று எல்லோரும் அறிந்த தோட்டங்களில் ஒன்றில், வேலைக்குச் சேர்ந்தார். அப்பா அப்போது சிறுவர். கப்பலேறும்போது ஓர் அலுவலர் அப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் ஒருவிதமாக எழுதினார். தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையில் இன்னொருவர் அதில் ஓர் 'எச்' சேர்த்தார். தோட்டத்தின் பெயர்ப் பதிவேட்டில் கடைசி எழுத்து ஒன்று குறைந்தது. ஆதாரில் ஒரே பெயர் இரண்டாகப் பிரிந்து நடுவே இடைவெளி விட்டு நின்றது. எங்கள் வாய்க்கு எல்லாம் ஒரே பெயர்தான். தமிழில் எழுதினால் ஓர் எழுத்துக்கூட மாறாது. ஆங்கில எழுத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் இடம் வரும்வரை அந்த வேறுபாடு யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த இடம் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் வந்தது. நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. தந்தையின் பெயரின் முதலெழுத்தையே போட்டுக்கொள்கிறோம். கடவுச்சீட்டோ முதலெழுத்தை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். சொந்தப் பெயருக்கு ஒரு கட்டமும், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இருக்கின்றன. அந்த இரண்டாவது கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதுவதே நம் ஊரில் பெரும்பாலோர் செய்வது. தம்பியும் அப்படித்தான் எழுதினான். நீலகிரி மாவட்டத்துக்காரர்களுக்கான மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகம் கோயம்புத்தூரில் இருப்பது. அங்கே போய்வரும் வேலைகளுக்கிடையே ஒரு நாள், ஒரு கவுண்டரில் தாள்களைச் சரிபார்த்தவர், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இதில் உன் அப்பா எவர், இந்த மூவரில்?" என்று கேட்டார். அம்மா என் பக்கத்தில் நின்றிருந்தார். அந்தக் கேள்வி அம்மாவின் முகத்தில் என்ன செய்தது என்பதை நான் பார்த்தேன். கேட்டவருக்கு அது தாளைப் பற்றிய கேள்வி. அம்மாவுக்கு அது தாளைப் பற்றிய கேள்வியாகப் படவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. ஆனால் அதற்கு வரிசைமுறை உண்டு. எல்லாத் தாள்களிலும் எது மாற்றக் கடினமானதோ அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதற்கேற்பத் திருத்த வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு அந்தக் கடினமான தாள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். அதில் பிழை இருந்தால், படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம்வரை போய்த்தான் திருத்த முடியும். எனவே அந்தச் சான்றிதழில் உள்ளபடியே ஆதாரையும் வருமான வரி அட்டையையும் வங்கிக் கணக்கையும் மாற்றுவது எளிது. அப்பாவின் பெயருக்கு நோட்டரி முன்னிலையில் 'இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும்' என்ற உறுதிமொழி ஆவணம் எடுத்தோம். அது சில இடங்களில் போதும். சில இடங்களில் போதாது. போதாத இடத்துக்கு, எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை வெளியிடும் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிடுவதே நிலையான தீர்வு. நாள் பிடிக்கும் வேலை அது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் ஆண்டில் அதைத் தொடங்கினால் கழுத்தைப் பிடிக்கும்.

ஆசிரியை என்ற முறையில் இங்கே ஒன்றைச் சேர்க்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பள்ளிகளில் மாணவர் பெயர்ப்பட்டியல் தயாராகும்போது, பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்திடச் சொல்லிப் பெற்றோருக்கு அனுப்புவோம். தோட்ட வேலையிலிருந்து களைத்து வரும் பெற்றோர், பிள்ளை காட்டும் இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு பிழையைச் செலவில்லாமல் திருத்தக்கூடிய காலம் அதுதான். அந்தத் தாளை ஒரு மாலைப்பொழுது வீட்டில் வைத்து, ஆதாரும் குடும்ப அட்டையும் பிறப்புச் சான்றிதழும் பக்கத்தில் பரப்பி, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள் என்று இப்போது ஒவ்வொரு பெற்றோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

இரண்டாவது சங்கடத்துக்கு எங்கள் ஊரின் ஈரமும் ஒரு காரணம். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வீட்டுக்குள் எதுவும் காயாது. பெட்டிக்குள் இருக்கும் தோல் செருப்பும் பெல்ட்டும்கூடப் பூசணம் பூக்கும். காகிதம் பழுப்பு நிறப் புள்ளி விழுந்து ஓரம் நைந்துபோகும். தம்பியின் சான்றிதழ்களைப் பூசணத்திலிருந்து காப்பாற்றுவதற்காக, அம்மா தன் கூலியிலிருந்து பணம் எடுத்துக் கடைத்தெருவில் கொடுத்து, பத்தாம் வகுப்பு முதல் கல்லூரி மதிப்பெண் பட்டியல்வரை எல்லாவற்றையும் லேமினேட் செய்து வைத்திருந்தார். வீட்டில் அவற்றைவிட மதிப்பான பொருள் எதுவும் இல்லை என்று நினைத்த ஒரு தாய் செய்த காரியம் அது. சான்றொப்பம் வாங்கப் போன இடத்தில், லேமினேட் செய்த தாளைத் தொடவே மாட்டோம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முத்திரையும் கையெழுத்தும் மூலச் சான்றிதழின் பின்புறத்திலேயே பதிய வேண்டும். பிளாஸ்டிக்கின்மேல் அவை நிற்காது. தாள் அசல்தானா என்று தடவிப் பார்க்கவும் முடியாது.

நகலெடுக்கும் கடையில் இருந்த ஒரு பையன், சூடு காட்டினால் பிரிந்துவிடும் என்று நம்பிக்கையோடு சொன்னான். முதலில் ஒரு தாளில் மட்டும் பார்ப்போம் என்று, முடி உலர்த்தும் கருவியை ஒரு மூலையில் பிடித்து, பிளேடு முனையால் மெல்ல நெம்பினான். பிளாஸ்டிக் விரல் அகலத்துக்கு அழகாகப் பிரிந்து வந்தது. அதன் உட்புறத்தில் தலைமையாசிரியரின் பச்சை மைக் கையெழுத்தில் பாதி தலைகீழாக ஒட்டியிருந்தது; தாளில் மீதிப் பாதி. அத்துடன் நிறுத்தச் சொல்லிவிட்டேன். மறுபிரதிக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பதுதான் பிறகு மிஞ்சிய வழி. ஈரத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமானால், ஒவ்வொரு தாளையும் திறந்து மூடக்கூடிய தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, மூடி இறுகும் டப்பாவில், மருந்துப் புட்டிகளோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் சிலவற்றைப் போட்டு வைத்தால் போதும். வெயில் அடிக்கும் நாளில் திறந்து காற்றாட விட வேண்டும். எந்தச் சான்றிதழையும், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், லேமினேட் செய்யாதீர்கள்.

புகைப்படச் சங்கதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மன் விசாவுக்கான படம் 35 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமும் கொண்டதாக, அண்மையில் எடுத்ததாக, வெளிர் பின்னணியில் முகம் நேராகத் தெரிவதாக இருக்க வேண்டும். எவ்விதத் திருத்தமும் செய்யப்பட்டிருக்கக் கூடாது. ஸ்டுடியோக்காரர் அளவையெல்லாம் சரியாகத்தான் வைத்தார். ஆனால் வழக்கம்போலத் தம்பியின் முகத்தைக் கணினியில் இரண்டு மூன்று படி வெளுப்பாக்கி, கன்னத்திலிருந்த தழும்பையும் துடைத்துவிட்டார். கேட்காமலே செய்கிற உபகாரம் அது. கல்யாணப் படம் எடுக்கப் போனாலும் இதையே செய்வார்கள். விண்ணப்பம் வாங்கும் இடத்தில் இருந்த பெண் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேறு படம் எடுத்துவரச் சொன்னார். தம்பியின் காது மடல் சூடேறிச் சிவந்ததைப் பார்த்தேன். கறுத்த முகமும் தழும்பும் அவனுக்கு ஒருநாளும் குறையாக இருந்ததில்லை. அந்தப் படம்தான் அவற்றைக் குறையாக்கியது. ஸ்டுடியோவில் உட்காரும்போதே, "நிறத்தைத் தொடாதீங்க, முகத்துல எதையும் அழிக்காதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். படம் கைக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு மிக முக்கியமானது. கோயம்புத்தூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பணம் கட்டியிருந்தோம். பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, எதற்காகப் படிக்க வருகிறேன் என்று மாணவர் எழுத வேண்டிய நோக்கக் கடிதத்தைத் தயாரிப்பது எல்லாம் அவர்கள் வேலை என்று சொல்லியிருந்தார்கள். தம்பியிடம் சில விவரங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவர்களே ஒரு கடிதத்தை எழுதி, அவன் கண்ணில் காட்டாமலே விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பிவிட்டார்கள். விண்ணப்பத்தைப் பார்த்த ஒரு பேராசிரியர் காணொளியில் பேச விரும்புவதாக மின்னஞ்சல் அனுப்பினார். மார்ச் மாதக் கடைசித் திங்கட்கிழமை, அவர்கள் நேரப்படி காலை 10 மணி. நமக்குப் பிற்பகல் 2:30 என்று நிறுவனத்தார் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

குளிர்காலத்தில் அந்தக் கணக்கு சரி. ஜெர்மனிக்கும் நமக்கும் அப்போது நாலரை மணி நேர வித்தியாசம். ஆனால் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறார்கள். அன்று முதல் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறுவரை வித்தியாசம் மூன்றரை மணி நேரம்தான். ஆகவே அந்தத் திங்கட்கிழமை அவர்களுடைய 10 மணி நமக்கு 1:30. அந்த நேரத்தில் தம்பி சட்டைகூட மாற்றவில்லை. அம்மா குக்கரை அடுப்பில் வைத்திருந்தார். அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்காக மலையிலிருந்து இறங்கி வந்து, காலில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். 2:30-ஆக இருந்திருந்தால் அவர் திரும்பத் தோட்டத்தில் இருந்திருப்பார். எங்கள் குடியிருப்பில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைப்பது வாசலை ஒட்டிய மூலையில் மட்டும்தான். அங்கே ஸ்டூல் போட்டு மடிக்கணினியை வைத்தால், பின்னால் கட்டில் தெரியும். அழைப்பு வந்த சத்தம் கேட்டதும் தம்பி ஓடிவந்து எடுத்துவிட்டான்.

திரையில் தெரிந்த பேராசிரியர் வணக்கம் சொல்லி, கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருந்த பெயரை, அதாவது அப்பாவின் பெயரை, முன்னால் மிஸ்டர் சேர்த்துத் தெளிவாக உச்சரித்தார். கட்டிலில் இருந்த அப்பா சட்டென்று எழுந்து நின்று, "ஐயா" என்றார். முப்பது ஆண்டுக்கு மேலாகக் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் வாசிக்கும்போது அப்படித்தான் அவர் பதில் சொல்லி வந்திருக்கிறார். பனியனும் கைலியும் கட்டிய அப்பா, தோளில் துண்டோடு, கையைக் கட்டிக்கொண்டு திரையில் முழுதாகத் தெரிந்தார். குக்கர் விசில் அடித்தது. "அப்பா, உங்களை இல்லப்பா, உக்காருங்க" என்று தம்பி மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. அதன் பிறகும் அப்பா உட்காரவில்லை.

பேராசிரியர் புன்னகைத்து, அவர் யார் என்று கேட்டார். என் தந்தை என்றான் தம்பி. உடனே அவர், 'கார் பட்டறை வைத்திருக்கும் தந்தைதானே, சிறுவயதிலிருந்து அவரிடம் எஞ்சின்களைக் கற்றதாக எழுதியிருக்கிறீர்களே' என்று கேட்டார். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. நிறுவனத்தார் வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தில் பெயரையும் கல்லூரியையும் மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்ததே அந்த நிமிடத்தில்தான். தம்பி ஒரு கணம் திரும்பி அப்பாவைப் பார்த்தான். பிறகு, தன் தந்தை தேயிலைத் தோட்டத் தொழிலாளி என்றும், அந்தக் கடிதம் தன் கடிதமன்று என்றும், இருக்கிற ஆங்கிலத்தில் நேராகச் சொன்னான். பேச்சு மரியாதையாகத்தான் தொடர்ந்தது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொய்யான தாளோடு வந்த விண்ணப்பத்தை வேறென்ன செய்வார்கள்?

எனக்கு ஆறாதது அதுவன்று. தோட்டத் தொழிலாளியின் மகன் என்று எழுதுவதைவிடப் பட்டறை முதலாளியின் மகன் என்று எழுதினால் எடுபடும் என்று, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் யாரோ முடிவுசெய்தார்களே, அதுதான் ஆறவில்லை. இந்த மலையில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடம் வந்தால் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கும் மாணவர்கள் என் வகுப்பிலேயே உண்டு.

அடுத்த விண்ணப்பத்துக்குத் தம்பி தானே உட்கார்ந்து எழுதினான். எங்கள் சித்தப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். விடுமுறையில் தம்பி அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவான். கொழுந்தை வாடவைக்கும் நீண்ட தொட்டிகளுக்கு அடியிலிருந்து காற்று ஏறுவதையும், சி.டி.சி. இயந்திரத்தில் பல் வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழன்று இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுவதையும், அந்தப் பற்கள் மழுங்கினால் தூளின் தரம் விழுந்துவிடுவதால் உருளைகளைக் கழற்றிக் கூர்தீட்டுவதையும் சிறுவயதிலிருந்து பார்த்தவன் அவன். உலோகத் தேய்மானத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது அங்கேதான். அதை அப்படியே எழுதினான். இலக்கணத்தை மட்டும் நான் பார்த்துக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தோடு போன விண்ணப்பத்துக்கு இடம் கிடைத்தது. கடிதத்தினால்தான் கிடைத்தது என்று சாதிக்க மாட்டேன், மதிப்பெண்ணும் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எவர் எந்தக் கேள்வி கேட்டாலும் அவன் தடுமாறவில்லை. நிறுவனத்துக்குப் பணம் கட்டுவது அவரவர் விருப்பம். நோக்கக் கடிதத்தை மட்டும் பிறர் கையில் கொடுக்காதீர்கள். நிரப்பிய விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும், இணைத்த ஒவ்வொரு கோப்பையும் பார்க்காமல் அனுப்ப விடாதீர்கள். விண்ணப்பத்துக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள், கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும். நேரம் குறித்து மின்னஞ்சல் வந்தால், அந்தத் தேதியில் அந்த ஊரில் மணி என்ன என்று கைப்பேசியின் உலகக் கடிகாரத்தில் பார்த்து, நம் நேரத்தையும் சேர்த்து எழுதி ஒருமுறை உறுதிசெய்து கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை; பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ. ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே அங்குள்ள தனிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம்தான் அதிலிருந்து எடுக்கலாம். சான்றிதழ்களைச் சரிபார்த்து ஜெர்மன் தூதரகத்தின் ஏ.பி.எஸ். பிரிவு வழங்கும் சான்றும் 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். தோட்டக் குடியிருப்பு எங்களுக்குச் சொந்தமில்லை, அடமானம் வைக்க ஒன்றுமில்லை. 7.5 இலட்சம் ரூபாய்வரை பிணையின்றிக் கல்விக் கடன் தர வழியுண்டு என்பதை வங்கியில் கேட்டு வாங்கினோம். மிச்சத்தை உறவுக்காரர்கள் கொடுத்தார்கள். வங்கியின் அனுமதிக் கடிதத்திலும் அப்பாவின் பெயர் ஓர் எழுத்துக் கூடி வந்தது. அங்கேயே நின்று திருத்தி வாங்கிக்கொண்டோம்.

மலைக்காரர்களுக்கென்று தனியே ஒரு சொல். சென்னையில் விசா நேர்காணல், கோயம்புத்தூரில் ஆங்கிலத் தேர்வு என்றால், அன்றைக்குக் காலை இறங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சப்பனைப் பக்கம் ஒரு மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலை அடைபடும். குன்னூரைச் சுற்றிக்கொண்டு பர்லியார் வழியே இறங்கினால் அங்கும் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் சென்னை சேர்ந்துவிடும் என்றாலும், ரயிலடிக்கு வந்து சேர்வதுதான் கேள்வி. முதல்நாளே அடிவாரத்தில் இருந்துவிடுங்கள். குளிர்காலத்தில் விரல் நுனி வெடித்திருந்தால் கைரேகை பதிய மறுக்கும். தம்பிக்கு அப்படி ஆயிற்று, கையைத் துடைத்துத் துடைத்து வைத்தும் இயந்திரம் ஏற்கவில்லை, பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். சில வாரம் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவி வந்தால் போதும்.

கடைசிச் சங்கடம் விமான நிலையத்தில். அம்மா பெட்டியில் வைத்தவற்றுள் நெய்யும், உறவினர் கொடுத்த பால்கோவாவும், எங்கள் வாசலில் பறித்த கறிவேப்பிலையும், சளிக்கு நல்லதென்று ஒரு பாட்டில் நீலகிரித் தைலமும் இருந்தன. எடை கூடியதால் பெட்டியைத் தரையிலேயே திறக்க வேண்டியதாயிற்று. திறந்ததும் தைல வாசனை அந்தக் கூடம் முழுக்கப் பரவியது. மூடி கசிந்து, மடித்து வைத்த கம்பளிச் சட்டைகளெல்லாம் நனைந்திருந்தன. சுற்றியிருந்தவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்க, தம்பியின் உள்ளாடைகளை நான் என் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு எடுத்து அடுக்கினேன். தைலம் எளிதில் தீப்பற்றும் திரவம்; அதைப் பெட்டியில் வைப்பதே சரியில்லை. இறைச்சியையும் பால் பொருள்களையும் பிற நாடுகளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். பச்சை இலை, தழைகளுக்குத் தாவர நலச் சான்று வேண்டும்.

இப்போது எங்கள் குடியிருப்பிலிருந்து யார் புறப்பட்டாலும், மசாலாத் தூள்களை இரட்டை உறையில் இட்டு, பொருளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி, முதல்நாள் மாலை கொழுந்து நிறுக்கும் தராசில் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்த்துவிடுகிறோம். விமான நிறுவனம் 23 கிலோ என்றால் நாங்கள் 22-இல் நிறுத்திக்கொள்கிறோம்.